அருப்புக்கோட்டையின் டெல்லி நாற்காலி

கரிசல் கண்ட தேர்தல்கள் – 9

1952 ஜனவரி. தை அறுவடை நேரம். கம்புக் கதிர் அறுத்த கையோடு வாக்குச்சாவடிக்கு வந்த சம்சாரியிடம் இரண்டு சீட்டுகளைக் கொடுத்தார்கள். ஒன்று சென்னை சட்டசபைக்கு, மற்றொன்று டெல்லி நாடாளுமன்றத்துக்கு. அந்தச் சீட்டில் வேட்பாளர் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. ஆளுக்கொரு இரும்புப் பெட்டியை வரிசையாக வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். மறைப்புக்குப் பின்னால் போய், தனக்கு வேண்டியவரின் பெட்டியைச் சின்னத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சீட்டை உள்ளே போட வேண்டும். பிறகு அடுத்த அறைக்குப் போய் இரண்டாவது சீட்டுக்கும் இதே வேலை. எழுத்து வாசனை இல்லாத லட்சக்கணக்கானவர்கள் தங்கள் வாழ்நாளில் முதல் முறையாக வாக்களித்த தேர்தல் அது. சொத்து வரி கட்டியவனுக்கும் படித்தவனுக்கும் மட்டுமே வாக்கு என்றிருந்த காலம் அன்றோடு போனது.

சென்ற பகுதியில், 1937 தேர்தலில் ராமநாதபுரம் ராஜாவையே தோற்கடித்த பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரைப் பார்த்தோம். அந்தத் தேவர்தான் 1952-இல் ஃபார்வர்டு பிளாக் சார்பில் இரண்டு இடங்களுக்கும் நின்றார். சட்டசபைக்கு முதுகுளத்தூர், நாடாளுமன்றத்துக்கு அருப்புக்கோட்டை. இரண்டிலும் ஜெயித்தார். பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ஜெயித்தவர் விருதுநகர் காமராஜர். இருவருமே ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்த, எதிரெதிர் முகாம்களில் நின்ற தலைவர்கள். குடியரசின் முதல் மக்களவைக்கு அடுத்தடுத்த தொகுதிகளிலிருந்து இந்த இரண்டு பேரையும் வறண்ட சீமை தேர்ந்தெடுத்து அனுப்பியது.

அனுப்பியது என்று சொல்கிறேன். ஆனால் தேவர் போகவில்லை.

அரசியல் சட்டத்தின் 101-ஆவது பிரிவு, ஒருவர் ஒரே நேரத்தில் சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்கிறது. இதற்கென 1950-இல் போடப்பட்ட விதி மிகச் சுருக்கமானது: வெற்றி அறிவிப்பு அரசிதழில் வந்த 14 நாட்களுக்குள் சட்டசபை இடத்தை ராஜினாமா செய்ய வேண்டும், செய்யாவிட்டால் நாடாளுமன்ற இடம் காலியாகிவிடும். சும்மா இருந்தாலே டெல்லி கைவிட்டுப் போகும், சென்னை கையில் நிற்கும். மாநில அரசியல்வாதிக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறு இல்லை. தேவர் முதுகுளத்தூரை வைத்துக்கொண்டார். அருப்புக்கோட்டையின் டெல்லி நாற்காலி காலியானது. வாக்காளர்கள் மறுபடியும் சாவடிக்குப் போனார்கள்.

ஏன் இப்படிச் செய்தார்? கணக்கைப் பார்த்தால் புரியும். மக்களவையில் 489 இடங்களில் காங்கிரஸ் 364-ஐப் பிடித்திருந்தது. அங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் வாக்கால் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது. சென்னையிலோ நிலைமை தலைகீழ். 375 பேர் கொண்ட சபையில் காங்கிரசுக்கு 152 இடம்தான். பெரும்பான்மை இல்லை. கம்யூனிஸ்டுகளும் ஆந்திரத் தலைவர் பிரகாசமும் ஒருபக்கம் கூட்டணி கட்ட, ராஜாஜியை ஓய்விலிருந்து அழைத்து வந்து முதலமைச்சராக்கினார்கள். ஒவ்வொரு உறுப்பினரையும் எண்ணிப் பார்த்த சபை அது. தேவரைப் போன்ற ஒருவர் அந்த நேரத்தில் சென்னையை விட்டு டெல்லிக்குப் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கணக்குக்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு என்பது என் எண்ணம். கரிசல்காட்டுக்காரனின் அன்றாடப் பாட்டைத் தீர்மானிக்கிற விஷயங்கள் எந்தச் சபையில் இருந்தன? கண்மாய், வரத்துக்கால்வாய், மடை, நிலவரி, போலீஸ், பள்ளிக்கூடம் எல்லாமே மாநிலப் பட்டியலில் இருந்தன. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு ஓடும் குண்டாறு தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிகிற ஆறு. அதன் தண்ணீரைப் பற்றி டெல்லியிடம் பேச என்ன இருக்கிறது? பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மதுரைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்துகொண்டிருக்க, அருப்புக்கோட்டைச் சம்சாரி ஐப்பசி மேகத்தையே நம்பிப் பருத்தியும் கம்பும் மல்லியும் விதைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குறையைச் சொல்லும் இடம் சென்னைதான்.

ஆனால் எங்கோ தொலைவில் உட்கார்ந்து எழுதிய சட்டம் இந்த ஊர்களை எப்படி நசுக்கும் என்பதைத் தேவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவுக்காக எழுதப்பட்டது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிறந்த குடும்பத்தை வைத்தே ஒருவனைக் குற்றவாளி என்று பதிவு செய்து, பெருவிரல் ரேகையை உருட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் சட்டம். அதனால்தான் சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பதிவான ஆண்கள் ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். பக்கத்து ஊர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போவதென்றாலும் ராதாரிச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். புதிதாகக் கல்யாணமான பையன் பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு ஸ்டேஷன் திண்ணையில் படுத்துக் கிடந்த அவமானத்தைப் பெரியவர்கள் வாயால் கேட்டவர்கள் இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். 1929-இல் ஆப்பநாட்டு மறவர்கள் மீது இச்சட்டம் பாய்ந்தபோதுதான் இளைஞரான தேவர் ஊர் ஊராகப் போய் எதிர்ப்பைத் திரட்டினார். சென்னை மாகாணத்தில் 1947-இல் அது ஒழிந்தது. நாடு முழுவதற்குமான ரத்து 1952 ஆகஸ்ட் 31-இல் நடைமுறைக்கு வந்தது. அதை நிறைவேற்றியது நாடாளுமன்றம். ரத்து நடைமுறைக்கு வந்த அந்த நேரத்தில் அதை நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று வரவேற்க மிகவும் உரிமை கொண்டிருந்த மனிதர், டெல்லி நாற்காலியை விட்டுவிட்டுச் சென்னையில் இருந்தார். இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம் இது.

டெல்லி அன்று எவ்வளவு தூரம் என்பதையும் சொல்ல வேண்டும். 1952-இல் அருப்புக்கோட்டைக்கு ரயில் கிடையாது. மதுரை–தூத்துக்குடிப் பாதை 1870களிலேயே விருதுநகர் வழியாகப் போட்டாயிற்று. பருத்திப் பொதிகள் அதில் துறைமுகத்துக்குப் போயின. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த நெசவாளர் ஊரான அருப்புக்கோட்டை மட்டும் பஸ்ஸையும் மாட்டு வண்டியையும் நம்பியிருந்தது. விருதுநகர் போய் ரயிலேறி, எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் மறுபடி நாள்கணக்கில் உட்கார்ந்தால்தான் டெல்லி. போய்ச் சேர்ந்தால் அங்கே பேச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும். தேவருக்கு ஆங்கிலம் தடையில்லை. ஆனால் மணிக்கணக்கில் தமிழில் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட மனிதரின் பாதி பலம் விந்தியத்துக்குத் தெற்கேயே நின்றுவிடும்.

காமராஜரும் டெல்லியில் நிலைக்கவில்லை. 1954 ஏப்ரல் 13-இல் அவர் சென்னை மாநில முதலமைச்சரானார். சட்டசபைக்குள் வர குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவை இடமும் காலி. வறண்ட சீமை அனுப்பிய இரண்டு பெரிய மனிதர்களும் முதல் மக்களவை முடிவதற்குள் டெல்லியை விட்டுவிட்டார்கள். 1952-லேயே தேவர் போட்டது தவறான கணக்கு இல்லை என்பதற்கு, ஆளுங்கட்சியின் தலைவரே இரண்டு வருடத்தில் அதே பாதையில் திரும்பி வந்ததைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கடமும் இல்லை. பிரிட்டன் 1973-இல் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தபோது அங்கேயும் இதே கேள்வி எழுந்தது. 1979 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நேரடித் தேர்தல் கிடையாது. லண்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களே அங்கும் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு சபையிலும் ஒருவரே இருப்பதைத் தடுக்கும் விதி 2004 தேர்தலிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. நாம் 1950-லேயே போட்டுவிட்ட தடை அது. தொழிற்கட்சியின் ராய் ஜென்கின்ஸ், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவரின் மகன். கட்சிக் கட்டளையை மீறி ஐரோப்பாவுக்கு ஆதரவாக வாக்களித்தவர். 1977-இல் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக பிரஸ்ஸல்ஸுக்குப் புறப்பட்டபோது பர்மிங்காமில் தன் ஸ்டெச்ஃபோர்டு தொகுதியை விட்டுவிட்டுப் போனார். அடுத்து நடந்த இடைத்தேர்தலில் அந்தத் தொகுதி எதிர்க்கட்சியின் கைக்குப் போனது. நான்கு வருடம் கழித்து ஊர் திரும்பிய ஜென்கின்ஸ் சொந்த அரசியலைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. தூரத்துச் சபைக்குப் போகிறவர் விட்டுச் செல்லும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை.

ஸ்டெச்ஃபோர்டில் ஒரு கட்சி ஓர் இடத்தை இழந்தது. அவ்வளவுதான். முதுகுளத்தூரில் உயிர்கள் போயின.

1957 தேர்தலில் அருப்புக்கோட்டை என்ற பெயரில் நாடாளுமன்றத் தொகுதி இல்லை. தேவர், காமராஜர் முன்பு ஜெயித்த ஸ்ரீவில்லிபுத்தூரில் மக்களவைக்கும், முதுகுளத்தூரில் சட்டசபைக்கும் நின்றார். மறுபடியும் இரண்டிலும் வெற்றி. காமராஜர் சாத்தூரிலிருந்து சட்டசபைக்கு வந்து முதலமைச்சராகத் தொடர்ந்தார். இந்த முறை தேவர் டெல்லியைத் தேர்ந்தெடுத்து முதுகுளத்தூரை விட்டார். சென்னையில் காங்கிரசுக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை வந்துவிட்டதால் அங்கே ஒரு வாக்குக்கு இருந்த மதிப்பு போயிற்று. ஃபார்வர்டு பிளாக்கின் அகில இந்தியத் துணைத் தலைவர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவரை வடக்கே இழுத்திருக்க வேண்டும்.

முதுகுளத்தூருக்கு 1957 ஜூலை 1 அன்று இடைத்தேர்தல் நடந்தது. தேவரின் ஆதரவு பெற்ற சசிவர்ணத் தேவர் ஜெயித்தார். பொதுத்தேர்தல் முடிந்து சில மாதங்களுக்குள் அதே ஊர்களில், அதே ஆட்களிடையே இன்னொரு தேர்தல். தேவருக்கு வாக்களித்த மறவர்களும் காங்கிரசை ஆதரித்த பள்ளர்களும் நாடார்களும் ஒரே கண்மாய்த் தண்ணீரைக் குடிக்கிற ஊர்கள் அவை. முதல் தேர்தலின் காயம் ஆறுவதற்குள் இரண்டாவது தேர்தல் அதைக் கிளறியது. கிராமங்களில் மோதல் தொடங்கியது. வீடுகள் எரிந்தன.

செப்டம்பர் 10-இல் மாவட்ட கலெக்டர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவர் வந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் பேச வந்தவர்களில் ஒருவர் இமானுவேல் சேகரன். 1924-இல் பிறந்தவர், ராணுவத்தில் பணிபுரிந்துவிட்டு ஊர் திரும்பியவர். தீண்டாமையை எதிர்த்துக் கூட்டங்கள் நடத்தி, தன் மக்களை நிமிர்ந்து நடக்கச் சொன்னவர். அந்தக் கூட்டத்தில் தேவருக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள், செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32. செப்டம்பர் 14-இல் கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மறவர்கள் ஐந்து பேர் செத்தார்கள். செப்டம்பர் 28-இல் தேவர் தடுப்புக் காவல் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். இமானுவேல் கொலை வழக்கில் அவரும் குற்றம் சாட்டப்பட்டார். 1959 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

1939-இல் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றபோது அதற்கு அரணாக நின்றவர் இதே தேவர். பதினெட்டு வருடத்தில் நிலைமை இங்கே வந்து நின்றது. இந்த வருடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கத்துச் சாவுகளை ஒரு வரியில் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. இமானுவேல் சேகரனின் கொலை, சமமாக உட்கார்ந்து பேசத் துணிந்ததற்காகத் தரப்பட்ட தண்டனை என்றுதான் அந்த மக்கள் இன்றும் நினைக்கிறார்கள். அவர்கள் அப்படி நினைப்பதற்கு அந்த நாட்களின் வரிசையே போதும். கீழத்தூவலில் சுடப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் நீதி கிடைக்கவில்லை. கலவரத்துக்கு வேர் சாதி. அது நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் ஓடியது. ஆனால் அந்த வருடம், அந்த மாதம் அது வெடித்ததற்கு இடைத்தேர்தலும் ஒரு காரணம். ஒரே ஆள் இரண்டு சபைக்கு நின்று, ஒன்றை விட்டுக்கொடுக்கும் வழக்கத்தின் விலை அது. அந்த வழக்கம் எல்லாக் கட்சிகளிலும் இருந்தது, இன்னும் இருக்கிறது. 1996-இல் சட்டம் திருத்தி, ஒரே சபைக்கு ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்றார்கள். இரண்டு வரை இன்றும் நிற்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் நிலையையும் பாருங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த மக்களவை உறுப்பினர், பதவிக்கு வந்த ஆறே மாதத்தில் சிறைக்குள் போனார். அடுத்த பதினைந்து மாதத்துக்கு மேல் அந்தத் தொகுதிக்கு டெல்லியில் குரல் இல்லை.

1962-இல் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியாகத் திரும்பி வந்தது. பெட்டி முறை போய், சின்னங்கள் அச்சிட்ட சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்திருந்தது. தேவர் நின்றார், ஜெயித்தார். பத்து வருடத்துக்கு முன் அவர் விட்டுக்கொடுத்த இடத்தை அதே மக்கள் மறுபடியும் அவருக்கே கொடுத்தார்கள். இந்த முறை சென்னையா டெல்லியா என்ற கேள்வியை உடல் தீர்த்துவைத்தது. நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1963 அக்டோபர் 30-இல், தன் ஐம்பத்தைந்தாவது பிறந்த நாளன்று, அவர் காலமானார். அருப்புக்கோட்டை இரண்டு முறை அவரை டெல்லிக்குத் தேர்ந்தெடுத்தது. இரண்டு முறையும் அந்த நாற்காலி பதவிக்காலம் முடிவதற்குள் காலியாயிற்று.

அதே 1963-இன் பின்பாதியில் இரண்டு காரியங்கள் நடந்தன. செப்டம்பர் 1-இல் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. அடுத்த வருடம் மே மாதம் அது திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை வரை நீண்டது. நெசவாளியின் சேலைக் கட்டும் மல்லி மூட்டையும் உள்ளூர் ஸ்டேஷனிலேயே ஏறின. ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று திருச்சுழியைத் தேடி வந்தவர்களும் அந்த ஸ்டேஷனிலேயே இறங்கினார்கள். ரயில்வே மத்திய அரசின் இலாகா. கண்மாய்க்கும் குண்டாற்றுக்கும் டெல்லி தேவையில்லை என்று நினைத்த சீமைக்கு, டெல்லியால் மட்டுமே தரக்கூடிய ஒன்று கிடைத்த வருடம் அது. வேலையைத் தேடி ஊரை விட்டுப் போகிறவர்களுக்கும் அதே ரயில்தான் வழியானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரியம், அக்டோபர் 2-இல் காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டு, கட்சி வேலைக்காகப் போனது. 1964 ஜனவரி புவனேஸ்வர் மாநாட்டில் காங்கிரஸ் தலைவராகத் தலைமை தாங்கினார். மே 27-இல் நேரு மறைந்தார். லால் பகதூர் சாஸ்திரியை அடுத்த பிரதமராக எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி செய்தவர் காமராஜர். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானபோது இந்திரா காந்திக்கு ஆதரவு திரட்டியவரும் அவரே. கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்ததில் இந்திராவுக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169.

இந்தியாவுக்கு இரண்டு முறை பிரதமரைத் தேர்ந்து கொடுத்த அந்த நேரத்தில் காமராஜர் நாடாளுமன்றத்தில் உறுப்பினரே இல்லை. சாத்தூர் எம்.எல்.ஏ.வாகத்தான் இருந்தார். இந்தியில் பேசத் தெரியாது, ஆங்கிலத்தில் நீண்ட பேச்சு பேசியவரும் இல்லை. ஆள் ஆளாகக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, கடைசியில் நாலு வார்த்தை சொல்லி முடித்தார். தேவருக்குக் கிடைத்த நாற்காலி காமராஜருக்கு அன்று இல்லை. மாநில முதலமைச்சர்களும், அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த மந்திரிகளும் சாத்தூர் உறுப்பினரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவரின் மேடைப் பேச்சு ஒருபக்கம், காமராஜரின் மௌனம் ஒருபக்கம் என்று வைத்தால், டெல்லியில் செல்லுபடியானது மௌனம்தான். அதற்குப் பின்னால் ஆளுங்கட்சி என்ற பெரும்படை நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேவருக்குப் பின்னால் நின்றது வங்காளத்திலும் ராமநாதபுரத்திலும் மட்டும் வேர்விட்ட ஒரு சிறிய கட்சி.

இந்த உயரத்திலிருந்து கரிசலுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். குண்டாற்று மணலையும் கண்மாய்களில் மண்டிய சீமைக்கருவேலத்தையும் பார்த்துக்கொண்டே பல தேர்தல்கள் கடந்து போய்விட்டன.

1967 தொகுதி மறுவரையறையில் அருப்புக்கோட்டை என்ற நாடாளுமன்றத் தொகுதி மறைந்தது, பிறகு வரவேயில்லை. 2008 மறுவரையறை அருப்புக்கோட்டையை விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும், சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் திருச்சுழியை ராமநாதபுரம் தொகுதியிலும் வைத்தது. ஒரே தண்டவாளத்தில் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். ஆனால் ரயில் நிற்க வேண்டும் என்று மனுக் கொடுக்க அருப்புக்கோட்டைக்காரர் ஓர் எம்.பி.யிடமும் திருச்சுழிக்காரர் இன்னோர் எம்.பி.யிடமும் போக வேண்டும்.

பிரதமர்களைத் தேர்ந்து கொடுத்த காமராஜர் 1967-இல் சாத்தூரை விட்டுச் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். 1,285 வாக்கில் அவரைத் தோற்கடித்த பெ. சீனிவாசனைப் பற்றியும், அந்த வாக்குகள் எந்தத் தெருக்களிலிருந்து வந்தன என்பதைப் பற்றியும் அடுத்த பகுதியில்.